மலைவீட்டுக்கு ஒரு ஸ்கேனர்: பழனி மலைவாசிகளுக்கான வானலை வழிகாட்டி

கொடைக்கானலைச் சூழ்ந்த பழனி மலைத்தொடரில் ஐப்பசி, கார்த்திகை மழை வலுக்கும்போது முதலில் கரண்ட் போகிறது. அடுத்து, பேட்டரி தீர்ந்த செல்போன் டவர்கள் ஒவ்வொன்றாக அடங்குகின்றன. அதற்குள் வத்தலக்குண்டு சாலையிலோ பழனி சாலையிலோ ஒரு மரம் விழுந்தோ மண் சரிந்தோ போக்குவரத்தும் நின்றுவிடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தருகே கரையேறி, உள்நாட்டைக் கடந்து இந்த மலையின் மேல் போனபோது பலருக்கும் இது நேர்ந்தது. அதன் பிறகு வீட்டில் ஒரு ஸ்கேனர் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை வரிசையாகத் தொட்டுப் பார்த்து, பேச்சு கேட்கும் இடத்தில் நிற்கும் வானொலிக் கருவி. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே வைப்பது, எதைக் கேட்பது என்பதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மக்கள் வீட்டிலிருந்தே காவல்துறை, தீயணைப்புத் துறை வானலைகளைக் கேட்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அவர்களுக்காக எழுதப்பட்டவை. நம் நாட்டில் நிலைமை வேறு. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் நெடுங்காலம் ஆண்ட இடத்துக்கு இப்போது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. தமக்கென அனுப்பப்படாத செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறிப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே காவல்துறை, வனத்துறை, தீயணைப்புத் துறை, ஆம்புலன்ஸ் ஆகியவற்றின் அலைவரிசைகளை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். விமானங்களும் கட்டுப்பாட்டு நிலையங்களும் பேசிக்கொள்ளும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் பொதுமக்களுக்கானது அன்று. மலை விளிம்பில் மதுரை விமானங்களின் பேச்சு எவ்வளவு தெளிவாக விழுந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடுவதே நல்லது. இதற்கு வெளியே கேட்பதற்கு நிறைய இருக்கிறது: எல்லாருக்குமாக ஒலிபரப்பாகும் வானொலி நிலையங்கள், ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களின் உரையாடல்கள், பொதுவாக அனுப்பப்படும் வானிலைச் செயற்கைக்கோள் படங்கள். பேரிடர் நேரத்தில் வீட்டுக்குப் பயன்படுபவையும் இவைதாம் என்பது என் கருத்து. தீயணைப்பு வண்டி எங்கே போகிறது என்று அறிவதைவிட, நாளைக்கும் மழை உண்டா, சாலை திறந்துவிட்டதா என்று அறிவதுதான் வீட்டில் இருப்பவருக்கு வேண்டியிருக்கிறது.

முதலில் வாங்க வேண்டியது ஸ்கேனரே அன்று. பேட்டரியில் ஓடும் எளிய எஃப்.எம். வானொலிப் பெட்டி. அலைவரிசையைத் தானாகத் தேடும் வசதி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரண பென்டார்ச் பேட்டரியில் ஓட வேண்டும். உள்ளே ஒட்டிவைத்த பேட்டரியை யு.எஸ்.பி. வழியாக மட்டுமே ஏற்ற முடியும் என்றால், மூன்று நாள் கரண்ட் இல்லாத வேளையில் அது அலமாரியில் சும்மா கிடக்கும். கைப்பிடியைச் சுழற்றிச் சார்ஜ் ஏற்றும் வகையும் உண்டு. அது துணைக்கு நல்லது, அதை மட்டும் நம்பக் கூடாது. மத்திய அலை எனப்படும் மீடியம் வேவும் இருக்கும் பெட்டியாகப் பாருங்கள். பகலில் கேட்காத தொலைதூர நிலையங்கள் இரவில் மீடியம் வேவில் வந்து சேரும், ஏனென்றால் பகலில் அந்த அலைகளை விழுங்கும் அயனமண்டலக் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டம் பெற்ற பகுதி) கீழ் அடுக்கு சூரியன் மறைந்ததும் கலைந்துவிடுகிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நெடுங்காலம் அந்த அயனமண்டலத்தை ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன்.

எஃப்.எம்.மில் நமக்குக் கோடை பண்பலை இருக்கிறது: 100.5 மெகாஹெர்ட்ஸ், பத்து கிலோவாட் திறன். மலையுச்சியிலிருந்து ஒலிபரப்பாவதால் சமவெளியில் பல மாவட்டங்களிலும் கேட்கும் இந்த நிலையம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பெட்டி வாங்கியதும் இதை முதல் பொத்தானில் பதிந்துவிடுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையை அறிவிப்பாளர் படிக்கும்போது அந்தச் சொற்களின் அளவும் தெரிந்திருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. மலைச்சரிவில் வீடு இருப்பவர்கள் "மிக கனமழை" என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டின் பின்புற மண் சுவரைப் போய்ப் பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

இந்தப் பெட்டி பழகிய பிறகு ஸ்கேனருக்கு வாருங்கள். மூன்று வகை கண்ணில் படும். ஒன்று, கேட்பதற்கென்றே செய்யப்பட்ட கையடக்க ஸ்கேனர்; நம் ஊர்க் கடைகளில் அரிது, விலையும் அதிகம். இரண்டு, இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் வாக்கி டாக்கிகள். இவை பேசவும் செய்யும் கருவிகள். பலவற்றுக்கு உரிமம் வேண்டும் என்பதை விளம்பரம் சொல்வதில்லை. கேட்க மட்டுமே வைத்திருக்கிறேன் என்ற விளக்கம் சோதனையின்போது உதவாது, அதனால் ஹாம் உரிமம் கைக்கு வரும் வரை இவற்றைத் தொடாதீர்கள். மூன்றாவதாக வருவது எஸ்.டி.ஆர். எனப்படும் மென்பொருள் வானொலி. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

கணினியில் டி.வி. பார்ப்பதற்காகச் செய்த ஒரு சிறு யு.எஸ்.பி. கருவிக்குள் இருக்கும் ஆர்.டி.எல்.2832யு என்ற சில்லைக் கொண்டு பலவகை அலைவரிசைகளையும் கேட்கலாம் என்று 2012இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து பிறந்தவைதாம் இன்றைய ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். கருவிகள். பென் டிரைவ் அளவே இருக்கும். ஏறத்தாழ 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும், பேசாது. பேச முடியாதது என்பதே புதியவருக்குப் பெரிய பாதுகாப்பு, தவறுதலாகப் பொத்தானை அழுத்தி யாருடைய அலைவரிசையிலும் குறுக்கிட முடியாது. பழைய மடிக்கணினி ஒன்று போதும். எஸ்.டி.ஆர். ஷார்ப், எஸ்.டி.ஆர். பிளஸ் பிளஸ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. யு.எஸ்.பி. கருவியைப் போனில் செருக உதவும் ஓ.டி.ஜி. கேபிள் இருந்தால் ஆண்ட்ராய்டு போனிலும் ஓட்டலாம்; கரண்ட் இல்லாத இரவில் மடிக்கணினியைவிடப் போனும் ஒரு பவர் பேங்கும் அதிக நேரம் தாங்கும். வாங்கும்போது உலோகக் கூட்டில் அடைத்ததைப் பாருங்கள். பிளாஸ்டிக் கூட்டில் வரும் மலிவு வகை சூடேறச் சூடேற அலைவரிசை நகர்ந்துகொண்டே போகும்.

திரையில் முதன்முறை பார்ப்பவர்க்கு அது விசித்திரமாகத் தோன்றும். மேலே ஏறி இறங்கும் ஒரு கோடு, கீழே மெதுவாக வழியும் நீல வண்ணப் பரப்பு. இந்தப் பரப்பை நீர்வீழ்ச்சி என்கிறார்கள். வெள்ளி அருவிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்க்கு அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. யாராவது பேசும் இடத்தில் நீலத்தின் நடுவே மஞ்சள் பட்டை ஒன்று விழும். அதன் மேல் சொடுக்கினால் குரல் கேட்கும். முதலில் கோடை பண்பலையையே பிடித்துப் பாருங்கள்: 100.5 என்று இட்டு, டபிள்யு.எஃப்.எம். (அகன்ற எஃப்.எம்.) என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் பாட்டு வர வேண்டும். வந்துவிட்டால் கருவியும் மென்பொருளும் சரியாக இருக்கின்றன என்று பொருள்.

பாட்டு வருவது மட்டும் அன்று, நிற்காமலும் வரும். கொடைக்கானலில் இருந்துகொண்டு எஸ்.டி.ஆர். வைத்திருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. பத்து கிலோவாட் ஒலிபரப்பு இவ்வளவு அருகில் இருக்கும்போது இந்தச் சிறிய கருவி திணறிப்போகும். 145 மெகாஹெர்ட்ஸில் ஹாம் ஒருவர் பேசுவதைத் தேடினால் அங்கேயும் அதே பாட்டு கரகரப்பாகக் கேட்கும். இல்லாத இடங்களில் எல்லாம் மஞ்சள் பட்டைகள் முளைக்கும். அவை உண்மையான சமிக்ஞைகள் அல்ல, கருவிக்குள்ளேயே உண்டாகும் போலிகள். கண்டுபிடிப்பதற்கு எளிய சோதனை உண்டு. மென்பொருளில் கெயின் என்ற பெருக்க அளவைக் கொஞ்சம் குறையுங்கள். உண்மையான சமிக்ஞை என்றால் நீங்கள் குறைத்த அளவுக்கே அதுவும் குறையும். போலியாக இருந்தால் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு சரிந்து, சில நேரம் முழுவதுமாக மறைந்துவிடும். தீர்வு இரண்டு. எப்போதும் கெயினை உச்சத்தில் வைக்காமல் நடுவில் வைத்துப் பழகுவது ஒன்று. ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவே 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை தடுக்கும் எஃப்.எம். வடிகட்டியைப் பொருத்துவது மற்றொன்று. ஒலிபரப்பு டவரைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருப்பவர்களுக்கு வடிகட்டி இல்லாமல் தீராது. தள்ளியிருக்கும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இருப்பவர்கள் முதலில் கெயினைக் குறைத்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

அடுத்தது ஆன்டெனா. பணத்தை இதில் செலவிடுங்கள் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் சொல்வது, பணத்தைவிட இடத்தைத் தேடுங்கள் என்பதே. வி.எச்.எஃப். எனப்படும் 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறத்தாழ நேர்க்கோட்டில் போகின்றன. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், எதிரே எந்தத் தடையும் இல்லாமல் சமவெளியைப் பார்த்து நிற்கும் ஒருவருக்கு வானலைத் தொடுவானம் 190 கிலோமீட்டர் அளவுக்கு விரியும். கோக்கர்ஸ் வாக், வட்டக்கானல் போன்ற விளிம்பு வீடுகளுக்கு இந்தப் பேறு உண்டு. பூம்பாறை போலச் சுற்றிலும் சரிவு சூழ்ந்த ஊரில் அதே கருவி பக்கத்து மலையைத் தாண்டி எதையும் கேட்காமல் போகலாம். அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. அறைக்குள் நடந்து, சன்னலோரம், மாடிப்படி, கொல்லைப்புறம் என்று இடம் மாற்றி மாற்றிக் கேட்டால், ஒரு முழம் நகர்த்தியதிலேயே குரல் எழுந்து வருவதைக் காண்பீர்கள். மூடுபனி இந்த அலைகளைத் தடுப்பதில்லை. தகரக் கூரை தடுக்கும். தகரக் கூரை வீட்டுக்குள் ஆன்டெனாவை வைத்திருந்தால் அதை வெளியே கொண்டுவருவதுதான் முதல் வேலை.

ஆனால் அந்தத் தகரமே கூரை மேல் உங்களுக்குத் துணையாகிறது. அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள கம்பி ஒன்றைக் காந்த அடிப்பாகத்துடன் வாங்கித் தகரத்தின் நடுவில் நிறுத்தினால், ஆன்டெனாவுக்குக் கீழே வேண்டிய உலோகத் தளம் தயாராக இருக்கிறது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கம்பியின் நீளம் 49 செ.மீ. அளவில் இருந்தால் போதும். இரும்புத் தகரத்தில் காந்தம் ஒட்டும், அலுமினியத் தகட்டில் ஒட்டாது. ஏணி வைத்து ஏறுவதற்கு முன்பே ஒரு காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். கேபிளைப் பொறுத்தவரை, பலரும் சொல்லும் ஆர்.ஜி.58 வகை இருபது மீட்டர் ஓடினாலே இந்த அலைவரிசையில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். டி.வி. கேபிள்காரர்கள் பயன்படுத்தும் ஆர்.ஜி.6 அதே தூரத்துக்கு மூன்றில் ஒரு பங்கே இழக்கும், விலையும் குறைவு. கேட்பதற்கு மட்டும் என்றால் அதன் 75 ஓம் மின்மறுப்பு கருவியின் அளவோடு பொருந்தாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இணைப்பின் வெளிமுனைகளில் நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். இந்த மலையில் கேபிளைக் கெடுப்பது பெரும்பாலும் உள்ளே இறங்கும் ஈரம்தான். சன்னலுக்குள் நுழையும் இடத்தில் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலே வளைத்துக் கொண்டுவந்தால் மழைநீர் வளைவிலேயே சொட்டிவிடும். தாழ்வாகக் கட்டிய கேபிளைக் காட்டுமாடு கொம்பில் மாட்டி இழுத்துவிடும், குரங்குகள் கம்பியைப் பிடித்து ஊஞ்சலாடும். கேபிளை ஆள் உயரத்துக்கு மேல் கட்டுவதும் கம்பியை மெல்லியதாகத் தேர்ந்தெடுப்பதும் அதற்காகத்தான்.

இடி இடிக்கும்போது கேட்காதீர்கள். ஆன்டெனா கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும், சார்ஜரையும் சுவரிலிருந்து பிடுங்க வேண்டும். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இதை மறந்தால் கருவி மட்டுமா போகும்?

வீட்டுக்குள்ளிருந்து வரும் இரைச்சல் வேறொரு தொல்லை. மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வர்ட்டர் மூன்றும் வானலையில் கரகரப்பை உண்டாக்கும். எது குற்றவாளி என்று அறிய ஒரே வழி, கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது. கரண்ட் போன நேரத்தில் கேட்டால் ஊரே அமைதியாக இருக்கும்; உங்கள் கருவி உண்மையில் எவ்வளவு கேட்கும் என்பது அப்போதுதான் தெரியவரும்.

இனி அலைவரிசைகளைப் பதிவதற்கு வருவோம். இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இங்கே முறை என்.எஃப்.எம். அதாவது குறுகிய எஃப்.எம். உயரமான இடங்களில் ஹாம்கள் நிறுவும் ரிப்பீட்டர் என்ற கருவி, ஓர் அலைவரிசையில் வாங்கி 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி மற்றோர் அலைவரிசையில் திருப்பி அனுப்பும். நீங்கள் பதிய வேண்டியது அது அனுப்பும் அலைவரிசையை. குறுகிய தூரத்துக்கு இது. மாவட்டம் தாண்டிய பேச்சுக்கு 7,000 முதல் 7,200 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்க வேண்டும். அங்கே முறை எல்.எஸ்.பி., அதாவது கீழ்ப்பக்கப் பட்டை. சாதாரண எஸ்.டி.ஆர். இவ்வளவு கீழே இறங்காது, குறுகிய அலைகளையும் வாங்கும் பதிப்பாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்கு ஒரு பத்து மீட்டர் நீளக் கம்பியை மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே கட்டினால் தொடங்கலாம். 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசி அறுந்த நிலையில், அப்போது போர்ட் பிளேயரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவருடைய குழுவினரும் இப்படித்தான் நிலப்பரப்புக்குச் செய்தி அனுப்பினார்கள்.

ஸ்கேன் தொடங்கும் முன் ஸ்குவெல்ச் என்ற குமிழைச் சரிசெய்யுங்கள். யாரும் பேசாத அலைவரிசையில் நிறுத்தி, "ஷ்ஷ்" என்ற இரைச்சல் அடங்கும் புள்ளி வரை திருப்பி, அதற்கு ஒரு மயிரிழை மேலே விட்டால் போதும். கூடுதலாகத் திருப்பினால் மெலிந்த குரல்கள் உங்களுக்குக் கேட்காமலே போகும். பேரிடரில் கூப்பிடுபவரின் குரல் பெரும்பாலும் மெலிந்ததாகவே இருக்கும். பட்டியலைச் சிறியதாக வையுங்கள். நூறு அலைவரிசைகளைப் பதிந்தால் கருவி சுற்றிவருவதற்குள் முக்கியமான வாக்கியத்தின் முன்பாதி போய்விடும்.

பழகுவதற்கு ஒரு நல்ல இலக்கு தலைக்கு மேலேயே இருக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் 145.800 மெகாஹெர்ட்ஸில் ஹாம்களுக்கான ஒலிபரப்பைச் செய்கிறது. எப்போதும் பேச்சு இருக்காது, ஆனால் இருக்கும்போது சாதாரணக் கம்பியிலேயே கேட்கும். கடக்கும் நேரத்தைச் சொல்லும் செயலிகள் போனில் உண்டு. ஒரு கடப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வானிலைப் படங்களில் ஆர்வம் இருந்தால் ஓர் எச்சரிக்கை: பழைய வழிகாட்டிகள் எல்லாம் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களைப் பரிந்துரைக்கும். அவை 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. ரஷ்யாவின் மீட்டியோர் எம் வரிசை 137.1, 137.9 மெகாஹெர்ட்ஸில் படம் அனுப்புகிறது. ஒவ்வொன்றும் 53 செ.மீ. அளவுள்ள இரண்டு கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் வி போலப் படுக்கவைத்த ஆன்டெனாவும் சாட்டம்ப் (SatDump) என்ற மென்பொருளும் அதற்கு வேண்டும். வங்கக் கடலில் சுழலும் மேகத்தைத் தன் வீட்டுத் திரையில் பார்ப்பது மகிழ்ச்சிதான். என்றாலும் அதை வைத்து நீங்களே புயல் எச்சரிக்கை விடக் கூடாது, அது வானிலைத் துறையின் வேலை.

வானலையில் கேட்ட செய்தியை வாட்ஸ்அப் குழுவில் போடுவதிலும் அதே கட்டுப்பாடு வேண்டும். ஹாம் ஒருவர் ஓர் ஊரின் பெயரைச் சொல்லி மண் சரிவு என்று பேசுவதைக் கேட்டால், நேரம், அலைவரிசை, கேட்ட சொற்கள் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். போன் வேலை செய்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கோ 112க்கோ சொல்லுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. டவர் இருக்கும்வரை டி.என். ஸ்மார்ட், சசேத் (Sachet) ஆகிய அரசுச் செயலிகளின் எச்சரிக்கையையும் உடன்வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே பேச மட்டும் கருவி வேண்டும் என்பவர்களுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த திறன் வாக்கி டாக்கிகள் உள்ளன. அவற்றுக்கு உரிமம் தேவையில்லை. பெட்டியில் அந்த அலைவரிசையும் அரசின் வகை ஒப்புதலும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

கேட்டுப் பழகியவர்களுக்குப் பேசவும் ஆசை வரும். அதற்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேற வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ரெஸ்டிரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள். ஜெனரலுக்கு மோர்ஸ் தந்தியும் வேண்டும், ரெஸ்டிரிக்டடுக்கு வேண்டாம். தொடக்க மின்னியலும் வானொலி விதிகளும் பாடம். சரள் சஞ்சார் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ரெஸ்டிரிக்டடில் தேறினால் வி.யு.3 என்றும், ஜெனரலில் தேறினால் வி.யு.2 என்றும் தொடங்கும் அழைப்புக் குறி கிடைக்கும். விண்ணப்பம் நகரும் இடைவெளியில் தினமும் மாலை அரை மணி நேரம் 7 மெகாஹெர்ட்ஸைக் கேட்டுவந்தால், அழைப்பது எப்படி, இடைவெளி விடுவது எப்படி, அவசரச் செய்திக்கு மற்றவர்கள் எப்படி ஒதுங்கி வழிவிடுகிறார்கள் என்பதெல்லாம் தேர்வுக்கு முன்பே காதில் படிந்துவிடும்.